நூற்றுப் பத்து கிலோமீட்டர் உயரத்தில் ஒரு திருத்தம்

செப்டம்பர் 9

அண்ணி அவர்களுக்கு,

என் எண்ணை நீங்கள் கைபேசியில் தடுத்து வைத்து மூன்று வருடமாகிறது. அண்ணன் மூலம் சொல்லி அனுப்பலாம் என்று பார்த்தேன். "உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் தபால்காரன் வேலை பார்க்க மாட்டேன். அதுக்கு நிஜத் தபால்காரர் இருக்கார்" என்று சொல்லிவிட்டார். அதனால் இந்தக் கடிதம். கிழித்துப் போடுவதற்கு முன் அடுத்த வரியை மட்டுமாவது படியுங்கள்.

நான் தப்பு செய்துவிட்டேன். உங்கள் அளவு சரி.

போன வாரம் ஒரு பாடநூலுக்காக அத்தியாயம் எழுதிக்கொண்டிருந்தேன். துருவ ஒளி தோன்றும் சமயங்களில், தலைக்கு மேலே நூற்றுப் பத்து கிலோமீட்டர் உயரத்தில் எலக்ட்ரான்கள் எப்படிச் சூடாகின்றன என்பதுதான் விஷயம். பழைய கணக்கையே போட்டு முடித்திருப்பேன். படம் கொஞ்சம் அழகாக வரட்டுமே என்று, அப்போது விட்டுவைத்த மூன்றாவது திசையையும் சேர்த்து ஓடவிட்டேன். மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் 1,410 கெல்வின் என்று நிற்கிறது. பழைய கணக்கில் 620-ஐத் தாண்டியதே இல்லை.

நான்தான் எங்கோ எண்ணைத் தப்பாக அடித்துவிட்டேன் என்று நினைத்தேன். மூன்று தரம் ஓட்டினேன். அப்புறம் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றேன். அந்த எண் எனக்குத் தெரிந்த எண். மூன்று வருடத்துக்கு முன் ஒரு ஜனவரி சாயங்காலம் உங்கள் நிலையத்து ரேடார் 1,430 என்று சொன்னது. அது ரிசீவர் பழுது என்று ஆறு பக்கம் எழுதி அச்சில் ஏற்றியவள் நான்.

எங்கே சறுக்கினேன் என்று சொல்லிவிடுகிறேன். அந்த உயரத்தில் அயனிகள் காற்றோடு முட்டி மோதிக்கொண்டு நகர முடியாமல் நிற்கின்றன. எலக்ட்ரான்களோ காந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் வழுக்கிப் போகின்றன. மின்புலம் பலமாக இருந்தால் அவை போகிற வேகம் அங்கே ஒலி போகும் வேகத்தை மிஞ்சிவிடும். உடனே அலைகள் கிளம்பும். இதுவரைக்கும் என் கணக்கில் இருந்தது. அந்த அலைகள் காந்தக் கோட்டுக்கு நேர்க் குறுக்காக இருக்கும் என்று வைத்துக்கொண்டேன். அவை துளி சாய்ந்திருக்கின்றன. ஒரு டிகிரிகூட இருக்காது. ஆனால் அந்தச் சாய்வினால் கோட்டின் நெடுகிலும் ஒரு சின்னத் தள்ளு கிடைக்கிறது. எலக்ட்ரான் கோட்டின் நெடுகில் தடையில்லாமல் ஓடக்கூடியது. சின்னத் தள்ளே அதைப் படாத பாடு படுத்திச் சூடாக்கிவிடுகிறது. நான் அந்தச் சாய்வைப் பூஜ்யம் என்று அடித்துவிட்டேன்.

இதைத் திருத்தி எழுதப் போகிறேன். அன்றைய மூலப் பதிவுகள் வேண்டும். தலைமையகத்தில் சுருக்கம் மட்டும்தான் இருக்கிறதாம். நீங்கள் எதையும் தூக்கிப் போடுகிறவர் இல்லை என்று எனக்குத் தெரியும்.

மன்னிப்புக் கேட்கிறேன்.

உங்கள் நாத்தனார்


செப்டம்பர் 24

ஆய்வாளர் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை. உன் அண்ணன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்.

மன்னிப்பை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? என் வேலை இப்போது என்ன என்று உனக்குத் தெரியுமா? ஆன்டெனாவில் பனி தட்டுவது. ஜெனரேட்டருக்கு எண்ணெய் ஊற்றுவது. கழிவறைக் குழாய் உறைந்துபோனால் வெந்நீர் கொண்டுபோவது. பதினாறு வருடம் ஒவ்வொரு திருகையும் என் கையால் முறுக்கி வைத்த ரிசீவர் அறை இப்போது எனக்குத் திறக்காது. அட்டையைக் காட்டினால் சிவப்பு விளக்கு எரியும். முதல் மாதம் பழக்க தோஷத்தில் தினமும் காட்டிவிட்டு, வழியில் போகிறவர்களைப் பார்த்துச் சிரித்துவைப்பேன்.

விசாரணைக் கூட்டத்தில் நான் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? உனக்கு இல்லாவிட்டாலும் எனக்கு இருக்கிறது. மேலிருந்து திரும்பி வருகிற எதிரொலியை வரைந்தால் இரண்டு மேடு வரும், நடுவில் ஒரு பள்ளம் வரும். எலக்ட்ரான் சூடாகச் சூடாகப் பள்ளம் ஆழமாகும். "ரிசீவர் தப்பாக் காட்டினா படம் மொத்தமா ஏறும், இல்ல மொத்தமா இறங்கும். பள்ளம் மட்டும் எப்படி ஆழமாகும்?" என்று கேட்டேன். நீ பேனாவை மூடிவைத்துவிட்டு, "அதைக் கணக்குதான் சொல்லணும், அண்ணி" என்றாய். முப்பது பேர் முன்னால் அண்ணி என்றாய். எல்லாரும் சிரித்தார்கள். அதுவரைக்கும் நான் அங்கே ரிசீவர் பிரிவின் பொறுப்பாளர். அந்த ஒரு சொல்லோடு அடுப்படியிலிருந்து வந்தவள் ஆகிவிட்டேன்.

பதிவுகள் என்னிடம் இருக்கின்றன. எங்கே என்று கேட்காதே. கட்டிலுக்கு அடியில் செருப்பு வைக்கக்கூட இடமில்லை என்று உன் அண்ணன் புலம்புவதை மட்டும் தெரிந்துகொள்.

தருகிறேன். ஆனால் எந்தப் பத்திரிகையில் ஆறு பக்கம் எழுதினாயோ, அதே பத்திரிகையில் ஆறு பக்கம் எழுத வேண்டும். மூலையில் நாலு வரியில் அல்ல. முடியும் என்றால் எழுது. முடியாது என்றால் தபால் தலையை வீணாக்காதே.

இப்படிக்கு,
பனி தட்டுகிறவள்


அக்டோபர் 8

அண்ணி அவர்களுக்கு,

முடியும். ஆறு பக்கம். அதே பத்திரிகை.

உங்கள் கடிதம் வந்த அன்றே எங்கள் டைரக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை, சங்கடப்படுகிறவர். "ஏப்ரல்ல பதவி உயர்வுக் குழு உட்காருதும்மா. உன் பேர்தான் முதல்ல இருக்கு. மே மாசம் தப்பை ஒத்துக்கிட்டா உலகம் அழிஞ்சா போயிடும்?" என்று கேட்டார்.

"மே மாசம் வரைக்கும் அவங்க பனி தட்டணுமா சார்?" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் எழுந்து வந்துவிட்டேன்.

பத்திரிகைக்கும் எழுதிவிட்டேன். பதில் வந்திருக்கிறது, அதுதான் கஷ்டம். பழைய பதிவுகள் மட்டும் போதாதாம். "அந்தக் கருவி நம்பத்தக்கதல்ல என்று எங்கள் பத்திரிகையிலேயே நிரூபிக்கப்பட்டிருக்கிறது" என்று எழுதி, ஆதாரமாக என் கட்டுரையையே காட்டியிருக்கிறார்கள். எனக்கு எதிராக நானே சாட்சி சொல்லிவிட்டேன். படித்துவிட்டுச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. புதிதாக அளந்து காட்டினால் ஏற்றுக்கொள்கிறார்களாம். அதே ரேடாரில், அதே உயரத்தில்.

உங்கள் நிலையத்தைப் பிப்ரவரி கடைசியில் மூடுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். நிஜமா? அப்படியானால் நமக்கு நாலரை மாதம் இருக்கிறது.

'நமக்கு' என்று எழுதிவிட்டேன். அடித்துவிட்டு எழுதலாம் என்று பார்த்தேன், இருக்கட்டும்.

உங்கள் நாத்தனார்


அக்டோபர் 27

பொடிசுக்கு,

மூடுவது நிஜம். ஆன்டெனாவைக் கழற்ற ஆள்கூடப் பேசியாகிவிட்டது.

இன்று காலை நிலையத் தலைவர் அறைக்குப் போனேன். என்னை ரிசீவர் அறையிலிருந்து மாற்றி உத்தரவு போட்டவர் அவர்தான். அதற்கப்புறம் அவர் என்னிடம் பேசியதெல்லாம் குழாய் பற்றித்தான். பார்த்தவுடனே, "மறுபடியும் உறைஞ்சுடுச்சா?" என்றார்.

"குழாய் நல்லா இருக்கு. எனக்கு ரேடார் வேணும்" என்றேன்.

உன் கடிதங்களைக் கொடுத்தேன். இரண்டு தரம் படித்தார். "உங்க நாத்தனார் எழுதினதை நம்பித்தான் உங்களை மாத்தினேன். இப்ப அவங்க எழுதினதை நம்பியே உள்ள விடணுமா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

"அவளை நம்ப வேணாம். என்னையும் நம்ப வேணாம். நீங்களே பக்கத்துல உட்காருங்க. தெரிஞ்ச சூட்டுல ஒரு பெட்டியை வச்சு அரை மணிக்கு ஒரு தரம் ரிசீவரைச் சோதிப்பேன். ஒவ்வொரு தரமும் நீங்க கையெழுத்துப் போடுங்க" என்றேன். மின்சாரத்தைக் காரணம் காட்டிப் பத்து மணி நேரம் மட்டும் தந்திருக்கிறார். விட்டு விட்டுப் பயன்படுத்தலாம். பத்து தாண்டினால் அவ்வளவுதான்.

இப்போது நீ ஒன்றுக்குப் பதில் சொல். அன்றைக்கு வானத்தைப் படமெடுக்கிற கேமராவில், ரேடார் பார்த்த இடம் இருட்டாக இருந்தது. ஒளி வடக்கே தள்ளி இருந்தது. ஒளியே இல்லாத இடத்தில் சூடு எப்படி என்று நீ எழுதினாய். உன் ஆறு பக்கத்தில் எனக்குப் பதில் தெரியாதது அது ஒன்றுதான். சாய்வு கீய்வு எல்லாம் சரி. இருட்டுக்கு என்ன சொல்கிறாய்?

அண்ணி


நவம்பர் 11

அண்ணி,

இருட்டுக்குப் பதில் என்னிடம் அன்றைக்கே இருந்தது. நான்தான் தலைகீழாகப் படித்தேன்.

மேலிருந்து துகள்கள் கொட்டுகிற இடத்தில் ஒளி வரும். அதே துகள்கள் அங்கே காற்றை உடைத்து மின்சாரம் சுலபமாக ஓட வழி செய்துவிடும். மின்சாரம் ஓடிவிட்டால் அந்த இடத்தில் மின்புலம் தளர்ந்துவிடும். ஒளிக்குப் பக்கத்தில், இருட்டாக இருக்கிற பட்டையில் வழி கிடையாது. அங்கேதான் மின்புலம் முறுக்கேறி நிற்கும். அலைகளைக் கிளப்புவது மின்புலம். அதனால் ஒளி பளபளக்கிற இடத்தைவிட அதன் ஓரத்து இருட்டில் எலக்ட்ரான் அதிகமாகச் சூடாகலாம். கேமரா காட்டிய இருட்டு உங்களுக்குச் சாதகமான சாட்சி. இது நான் மாணவர்களுக்கு வருடா வருடம் நடத்துகிற பாடம். வெட்கமாக இருக்கிறது.

அப்படியிருந்தும் ஏன் எழுதினேன் என்று நீங்கள் கேட்கவில்லை. நானே சொல்கிறேன். உங்கள் அளவைப் பரிசீலிக்கிற வேலையை என்னிடம் கொடுத்தபோது, "உறவுக்காரங்களாச்சே, பரவாயில்லையா?" என்று ஒருவர் கேட்டார். பரவாயில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அண்ணி என்பதால் விட்டுக்கொடுத்தாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்று பிடித்துக்கொண்டேன். வேறு யார் அனுப்பியிருந்தாலும் அந்தப் பள்ளத்தை இன்னொரு தரம் பார்த்திருப்பேன். உங்களுடையது என்பதால் பார்க்கவில்லை. கூட்டத்தில் அண்ணி என்று சொன்னதும் அதனால்தான். உறவை மறைக்கவில்லை பாருங்கள், இருந்தும் கண்டிப்பாக இருக்கிறேன் பாருங்கள் என்று காட்டிக்கொள்ள. எனக்கு நேர்மையானவள் என்ற பேர் கிடைத்தது. அதற்கான விலையை நீங்கள் கொடுத்தீர்கள்.

டிசம்பரில் லீவு எடுத்து வருகிறேன். கூடவே இருந்து அளக்கலாம்.

பொடிசு


டிசம்பர் 2

பொடிசுக்கு,

வராதே.

உன் கடிதத்தை மூன்று நாள் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். கோபம் தணிந்ததா என்றால் தணியவில்லை. ஆனால் இதுவரை எதன் மேல் கோபம் என்று தெரியாமல் இருந்தது, இப்போது தெரிகிறது. அதுவே பாதிப் பாரம் குறைந்த மாதிரி.

நீ வந்து அறையில் உட்கார்ந்தால், நாத்தனாரும் அண்ணியும் சேர்ந்து சமைத்த எண் என்பார்கள். நீ அங்கேயே இரு. மின்புலம் இவ்வளவு இருந்தால் சூடு இவ்வளவு வர வேண்டும் என்று ஒரு பட்டியல் போட்டு, இப்போதே பத்திரிகைக்கு மூடிய உறையில் அனுப்பிவிடு. எனக்குக் காட்டாதே. நான் அளந்ததை நேரே அவர்களுக்கு அனுப்புகிறேன். அவர்களே இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும்.

போன வாரம் மூன்று மணி நேரம் போய்விட்டது. சூரியனைக் கவனிக்கிறவர்கள் புயல் வருகிறது என்றார்கள்; ஒரு முணுமுணுப்புகூட இல்லை. நேற்று இரண்டு மணி நேரம். வானம் கொதித்துக்கொண்டிருந்தது, ஆன்டெனாவைத் திருப்புகிற பல்சக்கரத்தில் பனி இறுகிவிட்டது. ஏணி போட்டு ஏறிக் கோடாரியின் முதுகால் தட்டித் தட்டி விடுவிப்பதற்குள் எல்லாம் அடங்கிவிட்டது. கீழே இறங்கினால் தலைவர் கையெழுத்துத் தாளோடு நிற்கிறார். பாவம், மூக்கு சிவந்துவிட்டது.

ஐந்து மணி நேரம் மிச்சம். சக்கரத்தை நான் இனி தினமும் காலையும் மாலையும் பார்க்கிறேன். பனி தட்டுவதில் எனக்கு மூன்று வருட அனுபவம் இருக்கிறதே.

அண்ணி


பிப்ரவரி 15

பொடிசுக்கு,

அளந்துவிட்டேன். நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், அவசரப்படாதே.

ஜனவரியில் இன்னும் மூன்று மணி நேரம் வீணாய்ப் போனது. மிச்சம் இரண்டு. பிப்ரவரி பத்தாம் தேதி, ரிசீவர்களை ஒருமுறை முழுதாகப் பிரித்துப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். இரண்டாம் அலமாரிக்குப் பின்னால், கையை முழங்கை வரை விட்டால்தான் எட்டும் ஓர் இணைப்பு. தளர்ந்திருந்தது. பச்சைப் பூஞ்சை மாதிரி களிம்பு. பழைய சோதனைத் தாள்களை எடுத்துப் பின்னோக்கிப் போனேன். நாலு வருடமாகவே ரிசீவர் எட்டு சதவீதம் குறைத்துக் காட்டியிருக்கிறது; எப்போதும் ஒரே அளவு குறைந்ததால் சோதனையிலும் கண்ணில் படவில்லை. அதாவது அந்த ஜனவரியிலும்.

ரிசீவர் பழுது என்று நீ எழுதினாயே, பழுது இருந்தது.

ஸ்பேனரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். முறுக்கிவிட்டு வாயை மூடிக்கொண்டால் ஒருத்தருக்கும் தெரியாது. பதினாறு வருடம் நான் பார்த்துப் பார்த்து வைத்த அறை. என் கண்ணில் படாமல் இது இருந்திருக்கிறது. இந்தக் குறையால் எலக்ட்ரான் எத்தனை என்ற எண்ணிக்கை குறையும், சூடு மாறாது. பள்ளத்தின் ஆழம் அப்படியேதான் இருக்கும். எனக்கு அது தெரியும். ஆனால் யார் நம்புவார்கள்?

தலைவரிடம் போய்ச் சொன்னேன். அவர் கதவைச் சாத்திவிட்டு, "இதை வெளிய சொன்னா அவங்க அன்னைக்கு எழுதினது சரின்னு ஆயிடுமேம்மா" என்றார்.

"பாதி சரி. அந்தப் பாதியைச் சொல்லித்தான் ஆகணும்" என்றேன். அப்போதுதான் எனக்கு அது தோன்றியது. "சார், இதை இப்ப முறுக்க வேணாம்" என்றேன்.

பன்னிரண்டாம் தேதி காலை பத்து நாற்பதுக்கு வந்தது. வெளியே ஒரே மேகம். ஒளியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. நாலு பேர் சாலையில் வண்டியைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள், அவர்கள் தலைக்கு மேலே என்ன நடக்கிறது என்று தெரியாமல். திரையில் பள்ளம் இறங்க ஆரம்பித்தது. 900. 1,200. 1,480. தலைவர் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுகொண்டார். அரை மணிக்கு ஒரு தரம் பெட்டி, கையெழுத்து. தளர்ந்த இணைப்போடு ஒரு மணி நேரம் ஓட்டினேன். எனக்குக் கடவுள் பக்தி அதிகம் கிடையாது. அன்றைக்கு மின்புலம் விழாமல் இருக்க எல்லாரையும் வேண்டிக்கொண்டேன். விழவில்லை.

பதினொன்று நாற்பதுக்கு, "இப்ப பாருங்க சார்" என்று சொல்லிவிட்டு அலமாரிக்குப் பின்னால் கையை விட்டு முறுக்கினேன். முக்கால் சுற்று. கை வழுக்கித் தோல் உரிந்தது.

படம் மொத்தமாக எட்டு சதவீதம் ஏறியது. பள்ளம் இருந்த இடத்தில் இருந்தது. 1,490.

அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். "இதைத்தானே அன்னைக்கு சொன்னீங்க" என்றார். ஆமாம் என்றேன். "நான் கேட்டிருக்கணும்" என்றார். கையெழுத்துத் தாளை அவர் பக்கம் நகர்த்தினேன். பெட்டியை வைத்துச் சோதிக்கிற நேரம் ஆகியிருந்தது.

எல்லாவற்றையும் பத்திரிகைக்கு அனுப்பியாகிவிட்டது. தளர்ந்த இணைப்பைப் பற்றியும் முழுசாக எழுதியிருக்கிறேன். நீயும் மறைக்காதே, குறைக்காதே.

அண்ணி


மார்ச் 29

அண்ணி,

அச்சில் வந்துவிட்டது. இத்துடன் ஒரு பிரதி வைத்திருக்கிறேன். ஏழு பக்கம், ஒரு பக்கம் உங்கள் இணைப்புக்கு.

மூடிய உறையில் நான் அனுப்பிய பட்டியலில், நீங்கள் அளந்த மின்புலத்துக்கு 1,460 என்று இருந்தது. பத்திரிகை ஆசிரியர் தொலைபேசியில் கூப்பிட்டு, "இவ்வளவு பிடிவாதமான குடும்பத்தை நான் பார்த்ததே இல்லை" என்றார். அளவீட்டுப் பகுதியில் நீங்கள் எழுதிய ஒரு வரியையும் நான் தொடவில்லை. கட்டுரையில் முதல் பேர் உங்களுடையது. "முந்தைய முடிவு தவறு; தவறு இரண்டாம் ஆசிரியருடையது" என்பது முதல் வாக்கியம். மெருகேற்றச் சொன்னார்கள். மாட்டேன் என்றுவிட்டேன்.

பதவி உயர்வுப் பட்டியலில் என் பேர் நாலாவது இடத்துக்கு இறங்கிவிட்டது. டைரக்டர் வருத்தத்தோடு சொன்னார். நானும் கொஞ்சம் வருத்தப்பட்டேன். இல்லை என்று சொன்னால் பொய். அன்று வீட்டுக்கு நடந்தே போனேன். போய்ச் சேர்ந்தபோது பசித்தது, நன்றாகச் சாப்பிட்டேன், நன்றாகத் தூங்கினேன். மூன்று வருடத்தில் அப்படித் தூங்கவில்லை.

நிலையம் மூடியாகிவிட்டதா? அதை நிறுத்த முடியவில்லையே என்பதுதான் குறை.

பொடிசு


ஏப்ரல் 16

பொடிசுக்கு,

மூடிவிட்டார்கள். கழற்ற வர வேண்டிய ஆட்கள் பனியில் மாட்டிக்கொண்டதால் பிப்ரவரி என்றது ஏப்ரல் வரை இழுத்தது. கட்டுரையைக் காட்டி மேலிடத்துக்குத் தலைவர் எழுதிப் பார்த்தார். பதில் இரண்டு வரிதான். ஆன்டெனாவைத் துண்டு துண்டாக வண்டியில் ஏற்றினார்கள். நான் நின்று பார்க்கவில்லை, ரிசீவர்களை என் கையாலேயே கழற்றிக் கட்டிக்கொண்டிருந்தேன்.

கடைசி நாள் சாப்பாட்டு அறையில் தலைவர் எழுந்து, கட்டுரையின் முதல் பக்கத்தை எல்லாருக்கும் படித்துக் காட்டினார். நான் கேட்கவில்லை, அவராகவே செய்தார். அன்றைக்குக் கூட்டத்தில் சிரித்தவர்களில் ஒன்பது பேர் அங்கே இருந்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. ஒருத்தர் வந்து, அந்த இணைப்பை எப்படிக் கண்டுபிடித்தேன் என்று கேட்டார். பேச்சு அப்படியே வேலைப் பேச்சாகிவிட்டது. எனக்கு அதுதான் பிடித்திருந்தது.

மூன்று ஆன்டெனாக்கள் வைத்து ஒரே இடத்தை மூன்று பக்கமிருந்து பார்க்கிற புது ரேடாரில் ரிசீவர் பிரிவை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். ஜூன் முதல் தேதி சேருகிறேன். உன் அண்ணன் வீடு தேடிக்கொண்டிருக்கிறார். உயரமான கட்டில் வேண்டுமாம்.

உன் கட்டுரையை மறுபடி படித்தேன். நம் கட்டுரையை. அலைகளின் சாய்வு ஒரு டிகிரிக்கும் குறைவு என்று ஐந்தாம் பக்கத்தில் எழுதியிருக்கிறாய். அதைக் கணக்கில் வைத்தாயே தவிர, யாராவது அளந்திருக்கிறார்களா? நான் தேடிப் பார்த்தேன். இந்த உயரத்தில், இவ்வளவு சூட்டில், யாரும் அளக்கவில்லை. மூன்று பக்கமிருந்து பார்த்தால் அளக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. தப்பாகவும் இருக்கலாம்.

இந்தத் தரம் வா. இரண்டு பேர் வேலை இது. கம்பளிக் கால்சட்டை இரண்டு எடுத்துக்கொள். காலை ஏழு மணிக்கெல்லாம் ஆன்டெனாவடியில் இருக்க வேண்டும். கணக்கு போடுகிறவர்களுக்குத் தனி நேரம் கிடையாது.

அண்ணி